தொட்டியில் வந்த நெல்

போன மாதம் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் பழைய ஆய்வு நிலையத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்றாள் இப்போது பொறுப்பில் இருக்கும் நிவேதா. கேமரா பொருத்திய நுண்ணோக்கி, பக்கத்தில் கணினி. பழங்காலத்து மண்ணிலிருந்து எடுத்த கருகிய விதை ஒன்றை அதன் கீழே வைத்தால் அது என்ன விதை என்று திரையில் எழுத்து வருகிறது. நிவேதா மூன்று விதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். கொள்ளு என்று வந்தது. சாமை என்று வந்தது. மூன்றாவதற்கு நெல் என்று வந்தது.

"நீங்க கண்ண கெடுத்துக்கிட்டு பாத்ததெல்லாம் இது அஞ்சே செகண்ட்ல சொல்லிடுது மேடம்" என்றாள்.

நல்ல கருவிதான். மூன்றையும் சரியாகச் சொன்னது. ஆனால் அந்த மூன்றாவது பெயரைப் பார்த்ததும் எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நிவேதா நாற்காலியை இழுத்துப் போட்டு, "என்ன மேடம் ஆச்சு?" என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அவள் கேட்டதற்காக எழுதியது.

நான் இதே ஊரில் பிறந்தவள். பெரிய தெருவுக்குப் பின்னால் எங்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, செங்கம் பக்கத்து வறண்ட நிலங்களில் பழங்கால மக்கள் என்ன விதைத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று ஆராய ஒரு நிலையம் வருவதாகவும், விதை பிரிக்க ஆள் வேண்டும் என்றும் விளம்பரம் வந்தது. விதை பிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது. தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். நிரந்தரம் ஆவதற்குப் பல வருடம் பிடித்தது. அந்தக் காத்திருப்பு பின்னால் சொல்லப் போவதற்குச் சம்பந்தப்பட்டது.

எங்கள் தலைவர் கஜேந்திரன் சார். உயரமான மனிதர். தோட்டக்காரரிலிருந்து துணை இயக்குநர் வரை எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் இறங்கும். ஆய்வுக்கூடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் நுண்ணோக்கியை நின்றபடியே குனிந்து பார்ப்பார். பார்த்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்பார்: "இது வேற எப்படி வந்திருக்கலாம்?"

ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருக்கும். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய அடுப்புச் சாம்பலிலிருந்து ஒரு கருகிய பயறு எடுத்துக் கொடுத்தால், எறும்பு இழுத்து வந்திருக்கலாமா, எலி வளை இருந்ததா, மேலே உழவு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் சொல்ல முடிந்த பிறகுதான் அந்தப் பயறுக்கு ஓர் எண் கிடைக்கும்.

எங்கள் வேலையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வறண்ட நிலத்தில் பச்சையாகப் புதைந்த விதை மட்கிப் போய்விடும். தீயில் பட்டுக் கருகினது மட்டும் நிற்கும். அடுப்பில் சிந்தினது, களஞ்சியம் எரிந்தபோது கரியானது, அவ்வளவுதான். குழியின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மண்ணைத் துணிப்பையில் எடுப்போம். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. அந்த மண்ணில் பாதியை அப்படியே கட்டி வைத்துவிடுவோம், தொட மாட்டோம். மறு பாதியைத் தொட்டிக்குள் பொருத்திய கம்பிவலையில் போட்டு, அடியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விடுவோம். மண் இறங்கும், கரி மிதக்கும். மிதப்பது விளிம்பு வழிந்து மெல்லிய துணியில் விழும். துணியை முடிச்சுப் போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் விதை வெடித்துவிடும். உலர்ந்ததைச் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் ஓவியத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பை மண்ணுக்கு மூன்று நாள் ஆகும்.

தொட்டி வேலைக்குத் தனலட்சுமி இருந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். தினக்கூலி. பௌர்ணமிக்கு மட்டும் லீவு கேட்பாள், கிரிவலப் பாதையில் எலுமிச்சைச் சாறு விற்க. தண்ணீர் எந்த வேகத்தில் போனால் விதை உடையாமல் வரும் என்பது அவள் கைக்குத் தெரியும். குழாயை ஒரு நூல் திருப்பிவிட்டு, "இப்ப ஊத்துங்கக்கா" என்பாள்.

நாங்கள் தோண்டிய இடம் செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு மேட்டு நிலம். உழும்போதெல்லாம் பானை ஓடு வருவதால் ஊர்க்காரர்கள் அதை ஓட்டாங்காடு என்பார்கள். நிலம் ஏழுமலை என்ற விவசாயியுடையது. மழை பெய்தால் சாமையும் கொள்ளும் போடுவார். பெய்யாவிட்டால் சும்மா கிடக்கும். எங்களுக்கும் அங்கே கிடைத்தது கருகிய கொள்ளும் சாமையும்தான். நான்கு பருவம் தோண்டினோம், அவையேதான் வந்தன. தலைமை அலுவலகத்தில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். ஒரு கமிட்டி வரப்போகிறது, நிலையத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவு செய்யும் என்று கடிதம் வந்தது.

அந்த வாரத்தில்தான் நெல் வந்தது.

மிகக் கீழான அடுக்கு, இரும்புக்கு முந்தைய காலத்தது. அந்தப் பையைக் கழுவி, உலர்த்தி, நான் பிரித்துக்கொண்டிருந்தேன். கொள்ளுக்கு நடுவில் நீளமாக, பக்கவாட்டில் வரி ஓடிய மூன்று மணிகள் இருந்தன. சந்தேகமே இல்லை. கஜேந்திரன் சார் வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"இந்த மேட்டுல, அந்தக் காலத்துல நெல்லு" என்றார். "ஜெய்த்தூன், இது நம்மள காப்பாத்திடும்."

அன்றே தலைமை அலுவலகத்துக்குச் செய்தி போனது. கமிட்டி வருவதைத் தள்ளி வைத்து, முழு அறிக்கை கேட்டார்கள். என் நிரந்தர நியமனக் கோப்பும் நகர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். ஏழுமலையிடம் சொன்னபோது மட்டும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த மண்ணுல நெல்லா? எங்க தாத்தா காலத்துல இருந்து ஒரு படி வெளஞ்சதில்லீங்க. தண்ணி எங்கிருந்து வந்துச்சாம்?" என்றார். அப்போது மழை ஜாஸ்தியாக இருந்திருக்கலாம் என்று சார் விளக்கினார். ஏழுமலை தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் மீன் பொரித்த சட்டியை உமிக்கரி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உமியை எரித்த கரிதான், எல்லா வீட்டிலும் இருப்பது. விரலுக்கு நடுவில் ஏதோ உருண்டது. கையை விரித்தேன். உள்ளங்கையில் ஒரு கருகிய நெல்மணி. நீளமாக, வரி ஓடியது.

குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கமிட்டி வரும் என்று கடிதம் வந்த மறுநாள், நிலையத்தைச் சுத்தம் செய்தோம். தொட்டியின் உட்புறம் பச்சைப் பாசி பிடித்திருந்தது. தனலட்சுமியைக் கூப்பிட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். "சோப்பு போடலாமாக்கா?" என்று கேட்டாள். சோப்பு நுரை இருந்தால் விதை சரியாக மிதக்காது. "சோப்பு வேணாம். உன் டிபன் பாக்ஸ் தேய்க்க உமிக்கரி வெச்சிருக்கியே, அத போட்டு தேய்" என்று சொன்னது நான். அவள் தேய்த்துவிட்டு நான்கு முறை அலசினாள். மறுநாள் அந்தத் தொட்டியில் கழுவிய முதல் பைதான் அந்தப் பை. தொட்டியின் உள்விளிம்பில் கம்பிவலை சேரும் இடத்தில் ஒரு மடிப்பு உண்டு. மூன்று மணி தங்குவதற்கு அது போதும்.

திங்கட்கிழமை சாரிடம் போனேன். அவர் அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நிர்வாக அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியே போய் நின்றிருக்கலாம். தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரிந்ததால் நின்றபடி சொல்லிவிட்டேன்.

"சார், அந்த நெல்லு தொட்டியில இருந்து வந்திருக்கலாம். முந்தின நாள் தொட்டிய உமிக்கரி போட்டு தேச்சிருக்காங்க."

நான் சொன்ன வார்த்தை அதுதான். தேச்சிருக்காங்க. யார் என்று சொல்லவில்லை, யார் சொல்லி என்றும் சொல்லவில்லை. நம் பேச்சில் அப்படிச் சொல்லிவிட முடிகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. என் பெயரும் இல்லை.

அதிகாரி, "தொட்டி வேலைக்கு யாரு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சார் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. நெல் போனதுதான் அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்திருக்கும். "தனலட்சுமி" என்றார்.

அன்று மதியம் நாங்கள் எல்லோரும் ஓட்டாங்காட்டில் இருந்தோம். குழியில் வேலை செய்த பெண்கள் ஏழெட்டுப் பேர், ஏழுமலை, தனலட்சுமி, நான். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தம்மா செஞ்ச வேலையால ஆபீசுக்கே கெட்ட பேரு. நாளைல இருந்து வரவேணாம்" என்றார். தனலட்சுமிக்கு முதலில் புரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் மண் பையின் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டே வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் கால் கழுவிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாலை வரை நடந்து போவதை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போனேன், வந்தேன். என் மனதில் சமாதானங்கள் தயாராக இருந்தன. அவள் தினக்கூலி, வேறு வேலை கிடைக்கும். எனக்கு நிரந்தர ஆர்டர் வந்துவிட்டால் அவளுக்கு ஏதாவது செய்யலாம். நுண்ணோக்கியில் உட்கார்ந்தால் மட்டும் எதுவும் பிடிபடவில்லை. சாமைக்கும் தினைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மதியம் முழுவதும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொட்டிக்கு வந்த பெண் தண்ணீரை வேகமாகத் திறந்து இரண்டு பை விதையை நொறுக்கிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் சாரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"உமிக்கரி போட சொன்னது நான்தான் சார். அது சோப்பு போடலாமான்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னு சொல்லி இத சொன்னேன்."

அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன் சார். ஆர்டர் வர நேரம்."

அவர் குரல் இறங்கப் போகிறது என்று காத்திருந்தேன். இறங்கித்தான் வந்தது, ஆனால் என்மேல் இல்லை.

"அந்த மூணு மணிய பாத்த அன்னிக்கு நான் கேக்க வேண்டியத கேக்கல. அது உங்களுக்கும் தெரியும், இல்லைங்களா? கேட்டிருந்தா நீங்க அன்னிக்கே யோசிச்சிருப்பீங்க. எனக்கு அது அந்தக் காலத்து நெல்லா இருக்கணும்னு இருந்துச்சு." எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ஆபீசுக்கு நான் எழுதறேன். உங்க பேரையும் எழுதுவேன், என் பேரையும் எழுதுவேன். உங்க ஆர்டர் நின்னுடும். அத நான் தடுக்க முடியாது. தனலட்சுமிய நீங்க போய் பாருங்க. அதுக்கு நான் வரமாட்டேன்."

அடி அண்ணாமலைக்குப் போனேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. பாதையோரம் கடைகளுக்குக் கீற்று கட்டிக்கொண்டிருந்தார்கள். தனலட்சுமி வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலியை எடுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை.

நான் நின்றபடியே சொன்னேன். சாரிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பழம் பொறுக்கினாள்.

"நீங்க சொல்லி தான் போட்டேன்னு அங்கியே கத்தியிருக்கலாம்கா நானு" என்றாள். "நீங்க சொல்லுவீங்கனு நின்னேன். நீங்க சீட்ட படிச்சிட்டு இருந்தீங்க."

"தப்புதான் தனம்."

"தப்புன்னா என்னா, சரின்னா என்னா. வேலை போனதுகூட பரவால்லக்கா. எங்க வூட்டுக்காரு, நீ என்னாத்த திருடிட்டு வந்தேன்னு கேட்டாரு. எதுக்கு அனுப்பினாங்கன்னு எனக்கே தெரியல, நான் என்னான்னு சொல்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உமிக்கரிக்கும் நெல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. நான் முக்காலியில் உட்கார்ந்து முதலிலிருந்து விளக்கினேன். முடித்ததும் அவள் உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டு வந்தாள்.

"இதுதான் அன்னிக்கு போட்டது. ரைஸ் மில்லுல அடுப்புல இருந்து அள்ளிட்டு வர்றது. இதுல நெல்லு கெடக்கும்கா, நான் பாத்திருக்கேன். என்ன கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?"

டப்பாவை என்னிடம் கொடுத்தாள். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"எல்லாரு எதிர்லயும் தான் என்ன போன்னாங்க. எல்லாரு எதிர்லயும் நீங்க சொல்லணும். தனியா வந்து வூட்டுல சொல்றது எனக்கு எதுக்குக்கா?"

டப்பாவில் இருந்ததை ஆய்வுக்கூடத்தில் சலித்தோம். கருகிய நெல்மணிகள் இருந்தன. நீளம், அகலம், வரி எல்லாம் எங்கள் மூன்று மணிகளோடு ஒத்துப் போயின. அதற்குப் பிறகும் சார் மூன்றில் ஒன்றைக் காலக்கணிப்புக்கு வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். சோதனையில் அந்த மணி அழிந்துவிடும். அழியட்டும் என்றார். நம் காலத்து நெல் என்று பதில் வந்தது.

கமிட்டி வந்தது. சார் நின்றபடியே, நெல் எப்படி வந்தது என்பதை ஒரு வார்த்தை கூட மழுப்பாமல் சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். நிலையத்தை மூடவில்லை. ஆனால் ஆளையும் பணத்தையும் பாதியாகக் குறைத்தார்கள். எனக்கு ஆர்டர் வர மேலும் மூன்று வருடம் ஆனது. அந்த அதிகாரி பிறகு வரவில்லை. தொடாமல் கட்டி வைத்திருந்த பாதி மண்ணையெல்லாம் அந்த மழைக்காலத்தில் புது வலையில் கழுவினேன். நெல் ஒன்றுகூட இல்லை. கொள்ளு இருந்தது, கைநிறைய. அதில் பலவற்றில் வண்டு துளைத்த ஓட்டை இருந்தது. பச்சையாகச் சேர்த்து வைத்து, வண்டு விழுந்து, பிறகு தீப்பிடித்திருக்கிறது. அந்த வறண்ட மேட்டில் அடுத்த மழை வரை வைத்துச் சாப்பிட ஜனங்கள் கொள்ளு சேமித்தார்கள் என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சி அதுதான். பத்திரிகைகளில் வரவில்லை. நாங்கள் எழுதிய கட்டுரையில் உமிக்கரிக்கும் ஒரு பத்தி கொடுத்தார் சார்.

தை பிறந்ததும் ஓட்டாங்காட்டில் மீண்டும் தோண்ட ஆரம்பித்தோம். இந்த முறை தொட்டியையும் தண்ணீர் டேங்கரையும் குழிப் பக்கத்திலேயே கொண்டு வந்து வைத்திருந்தோம். முதல் நாள் காலை பழைய பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஏழுமலை வரப்பில் நின்றிருந்தார். தனலட்சுமிக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தாள், ஆனால் குழி அருகே வரவில்லை. சாலை ஓரத்திலேயே நின்றாள்.

கமிட்டி முன்னால் சொன்னது இதைவிடச் சுலபமாக இருந்தது. மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னேன். போன பருவத்தில் தனலட்சுமியை அனுப்பியது என் தப்புக்காக, அவள் தப்புக்காக இல்லை, உமிக்கரி போடச் சொன்னது நான், அதிகாரி கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. கேட்டிருக்குமோ என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

ஏழுமலை சங்கடப்பட்டு, "இதுக்கா மேடம் எல்லாரையும் நிக்க வெச்சீங்க? பாத்திரம் தேய்க்கறதுல என்னாங்க இருக்குது" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள் தனலட்சுமி சாலையிலிருந்தே. "எனக்கு இருக்குது."

பிறகு நடந்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டு, வலை சேரும் மடிப்பில் விரலை வைத்து முழுச் சுற்றும் தடவினாள். விரலை எடுத்து என் முன்னால் நீட்டினாள். நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவள் குழாயைத் திறக்கவில்லை.

"நோட்ட எடுங்கக்கா" என்றாள். "அன்னிக்கு தொட்டி தேச்சது யாருன்னு எழுதுங்க. தேய்க்க சொன்னது யாருன்னும் எழுதுங்க."

அவள் பெயரையும் என் பெயரையும் எழுதி அவளிடம் காட்டினேன். அவள் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தாள்.